பழைய எம்ஜிபியின் பிரேக்: கால் சொல்வதைக் கேட்டுக் கோளாறைப் பிடிப்பது

மட்டக்களப்பில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவருக்கு ஒரு வசதி உண்டு. நிலம் பாய் விரித்த மாதிரி. கல்லடிப் பாலத்து ஏற்றத்தை விட்டால் ஊருக்குள் மேடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. வில்லங்கமும் அதுதான். பாதிப் பிரேக்கோடு மாதக்கணக்கில் ஓடித் திரியலாம், தெரியவே தெரியாது. ஒருநாள் செங்கலடியால் திரும்பி, மகாஓயா, பிபிலை கடந்து, லுணுகலைப் பக்கம் ஏறி இறங்கும்போதுதான் மிச்சப் பாதியைத் தேடுவோம்.

இன்னொன்று, எங்கள் ஊர்க் கார்கள் ஓடித் தேய்வதை விட நின்று கெடுவதுதான் அதிகம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுத்து, மாரி முழுக்கக் கொட்டிலுக்குள் மூடி வைத்தால், உப்புக் காற்று அதன் வேலையைப் பார்க்கும். அதனால் "லைனர் தேய்ந்திருக்கும், மாற்றுவோம்" என்று தொடங்காதீர்கள். சில்லைக் கழற்ற முன்னர் காலால் மிதித்துப் பாருங்கள். பெரும்பாலும் பெடலே விசயத்தைச் சொல்லிவிடும்.

என்னிடம் இருப்பது 1967ஆம் ஆண்டு எம்ஜிபி. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் செய்த கார். முன்னால் 10.75 அங்குல டிஸ்க் (இருபுறமும் பேட் கவ்விப் பிடிக்கும் தட்டு), பின்னால் 10 அங்குல ட்ரம் (உள்ளேயிருந்து லைனர் அழுத்திப் பிடிக்கும் உருளை), மிதிக்குத் துணைப்பலம் தரும் பூஸ்டர் கிடையாது. முக்கியமாக, பிரேக் லைன், அதாவது பிரேக் ஒயில் போகும் குழாய், ஒரே சுற்று. இன்றைய கார்களில் அது இரண்டாகப் பிரிந்திருக்கும், ஒன்று ஒழுகினாலும் மற்றது காரை நிறுத்தும். இதில் எந்த மூலையில் ஒழுகினாலும் நான்கு சில்லுக்கும் போய்விடும். மிட்ஜெட், ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்களுக்கும் ஏறக்குறைய இதே கதைதான், அளவுகள்தான் வேறு.

வேலை தொடங்க முன்னர் இரண்டு விசயம். ஜக்கில் மட்டும் காரை நிறுத்திவிட்டுக் கீழே போகாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள். பழைய லைனர்களில் கல்நார் இருக்கும், ட்ரம்மைக் கழற்றியதும் கொம்பிரசரால் தூசியை ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறியுங்கள். கராஜ்களில் சர்வசாதாரணமாக ஊதுகிறார்கள். பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

முதல் மிதியில் ஆழமாகப் போகிறது, இரண்டாம் மிதியில் மேலே வருகிறது

இது வந்தால் அநேகமாகச் செலவில்லாத கோளாறு. பின் லைனருக்கும் ட்ரம்முக்கும் இடையே இடைவெளி கூடிவிட்டது. முன் டிஸ்க் தன்பாட்டில் சரிசெய்துகொள்ளும், இந்தக் காரின் பின் ட்ரம் அப்படிச் செய்யாது. நாம்தான் இறுக்க வேண்டும்.

பின் சில்லுக்கு உட்புறம் உள்ள தகட்டில் சதுரத் தலையுள்ள அட்ஜஸ்டர் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். ஹான்ட் பிரேக்கை விட்டுவிட்டு, முன் சில்லுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தைத் தூக்குங்கள். சில்லு சுற்ற முடியாமல் போகும்வரை அட்ஜஸ்டரை இறுக்குங்கள். பெடலை ஒருமுறை பலமாக மிதித்து லைனரை நடுவுக்குக் கொண்டுவந்து, மறுபடி இறுக்கிப் பாருங்கள். பிறகு சில்லு தாராளமாகச் சுற்றும்வரை ஒவ்வொரு கிளிக்காகத் தளர்த்துங்கள். லேசாக எங்கேயோ உரசும் சத்தம் மட்டும் கேட்டால் பரவாயில்லை. உப்பில் அந்தச் சதுரத் தலை இறுகிப் போயிருந்தால் சாதாரண ஸ்பானரால் முறுக்கி மூலைகளை உருட்டிவிடாதீர்கள். முதல் நாள் பின்னேரமே ஊடுருவும் எண்ணெய் விட்டு வைத்து, காலையில் சதுர வாய்ச் சாவியால் பிடியுங்கள்.

பெடல் பஞ்சு மாதிரி இருக்கிறது

லைனில் காற்று. காற்று எடுப்பது எல்லோருக்கும் தெரியும். சில்லில் ஒயிலைத் திறந்துவிடும் நிப்பிளில் ரியூப், ரியூபின் மறுமுனை பிரேக் ஒயில் உள்ள போத்தலுக்குள், மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடல் மிதித்ததும் ஒயிலைத் தள்ளும் சிலிண்டர்) மிகத் தூரத்தில் உள்ள சில்லிலிருந்து தொடக்கம். ஸ்டியரிங் வலப்பக்கம் உள்ள எங்கள் காரில் அது பின் இடது.

பலர் விடும் பிழை ஒன்று இருக்கிறது. நாளாந்தம் ஓட்டும்போது பெடல் பாதித் தூரம்தான் போகும். மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே அந்தப் பாதி மட்டும் பளபளவென்று இருக்கும். அதற்கு அப்பால் இருபது வருடத் துருவும் கசடும். காற்று எடுக்கிறேன் என்று பெடலைத் தரைவரை மிதித்தால், றப்பர் சீல் அந்தத் துருவில் போய் உரசிக் கிழியும். காற்று எடுத்து முடித்த மறுநாளே மாஸ்டர் போய்விட்டது என்று தலையில் கை வைப்பவர்கள் பலர் இப்படித்தான் கெடுத்திருக்கிறார்கள். பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டு மிதியுங்கள்.

காற்று எடுத்தும் சில நாளில் மறுபடி பஞ்சானால், காற்று உள்ளே வரும் வழி ஒன்று இருக்கிறது. பின் சில்லில் லைனரைத் தள்ளும் வீல் சிலிண்டரின் தூசி றப்பரை ஸ்குரூ ட்ரைவரால் மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரமாக இருந்தால் அதுதான்.

மிதித்துப் பிடித்தால் மெல்ல மெல்ல இறங்குகிறது

கல்லடிப் பாலத்து முனையில் வாகன வரிசையில் நிற்கிறீர்கள். கால் பிரேக்கில். ஒரு நிமிடத்தில் பெடல் உங்கள் காலுக்குக் கீழே நழுவிப் போகிறது, யாரோ கீழேயிருந்து இழுப்பது போல. அப்படியென்றால் மாஸ்டர் சிலிண்டரின் தொட்டியில் ஒயில் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் வெளியே ஒழுகுகிறது: நான்கு சில்லு, குழாய்கள், மாஸ்டருக்குப் பின்னால் பெடல் பெட்டி, எல்லாம் தடவிப் பாருங்கள். குறையவில்லை என்றால் மாஸ்டருக்குள்ளேயே சீலைத் தாண்டி ஒயில் திரும்பி வருகிறது. இந்த இரண்டாவது வகை ஏமாற்றுக்காரன். பலமாக மிதித்தால் சீல் விரிந்து பிடிக்கும், மெதுவாக மிதித்தால் நழுவும். அதனால் சோதிக்கும்போது மெதுவாக மிதித்துச் சோதியுங்கள். இரண்டில் எதுவானாலும் காரை வெளியே எடுக்க வேண்டாம்.

ஒரு பக்கம் இழுக்கிறது

கார் வலதுபக்கம் இழுத்தால் கோளாறு பெரும்பாலும் இடதுபக்கத்தில். வலது சில்லு தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, இடதுதான் பின்வாங்குகிறது. முன் டிஸ்க்கைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள், ஏனென்றால் காரை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்னால்தான்.

ஐந்தாறு கிலோமீற்றர் ஓட்டி, பிரேக் பிடித்து நிறுத்திய கையோடு, விரலால் தண்ணீர் தொட்டு ஒவ்வொரு டிஸ்க்கிலும் தெளியுங்கள். ஒன்றில் சுர்ரென்று ஆவியாகும், மற்றதில் அப்படியே வழிந்தால் அந்தச் சில்லு பிடிக்கவில்லை. கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம், தோல் ஒட்டிக்கொண்டு வரும்.

பிடிக்காத பக்கத்தில் அநேகமாகப் பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் கலிப்பர் பிஸ்டன் இறுகியிருக்கும். இந்தக் காரில் ஒரு கலிப்பருக்கு இரண்டு பிஸ்டன், டிஸ்க்கின் இருபுறமும் ஒவ்வொன்று. தூசி றப்பருக்குள் ஈரம் போய், குரோம் பூச்சு கொப்புளித்துத் துரு பிடிக்கும். பேட்டைக் கழற்றி, ஒரு பிஸ்டனைக் கட்டையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, உதவிக்கு ஒருவரைப் பெடலை மெதுவாக மிதிக்கச் சொல்லுங்கள். மற்றது அசைகிறதா? பிறகு மாற்றிப் பாருங்கள். பேட்டுகளில் ஒன்று தடிப்பாகவும் மற்றது மெல்லிசாகவும் இருந்தால், பார்க்காமலே சொல்லலாம். துரு பிடித்த பிஸ்டனைச் சுரண்டிப் போட்டால் சில மாதங்கள்தான். துருப்பிடிக்காத எஃகில் செய்த பிஸ்டன் கிடைக்கிறது, எங்கள் காற்றுக்கு அதுதான் சரி. கலிப்பரின் இரண்டு பாதிகளையும் பிரிக்கவே வேண்டாம்.

இறுகவில்லை என்றால் எண்ணெய் பட்டிருக்கலாம். என் காரில் பின் இடது ட்ரம்மைக் கழற்றியபோது உள்ளே குளம். பிரேக் ஒயில் என்று நினைத்து வீல் சிலிண்டர் மாற்ற ஆயத்தமானேன். பக்கத்தில் நின்ற வயதான மெக்கானிக் ஒருவர், "நில்லுங்க தம்பி, ஒரு கிளாசில தண்ணி கொண்டாங்க" என்றார். வீட்டிலிருந்து தேத்தண்ணிக் கிளாசில் தண்ணீர் கொண்டு வந்தேன். விரலால் தொட்டு ஒரு துளியைத் தண்ணீரில் விட்டார். துளி மேலே வட்டமாக மிதந்தது, வெயிலில் வானவில் நிறத்தோடு. "இது பிரேக் ஒயில் இல்ல. அது தண்ணியோட கரைஞ்சிரும். இது டிஃப் ஒயில். சிலிண்டருக்கு ஏன் காசு குடுக்கிற?"

டிஃப் என்பது பின் அக்ஸிலின் (பின் சில்லு இரண்டையும் இணைக்கும் அச்சு) நடுவில் உள்ள கியர்ப் பெட்டி. அந்த அக்ஸிலின் மூச்சுத்துளை சேற்றால் அடைபட்டிருந்தது. டிஃப் சூடாகும்போது உள்ளே அழுத்தம் கூடி, சீலைத் தாண்டி ஒயிலைத் தள்ளியிருக்கிறது. துளையைக் கம்பியால் குத்திவிட்டு, சீல் மாற்றியதோடு சரி. மூக்கும் உதவும்: டிஃப் ஒயிலில் கந்தக நாற்றம் வரும். எண்ணெய் குடித்த லைனரைப் பெற்றோலில் கழுவி, நெருப்பில் சுட்டுத் திரும்பப் போடும் வழக்கம் இங்கே உண்டு. செய்யாதீர்கள். சூடானதும் உள்ளே ஊறிய எண்ணெய் மறுபடி வெளியே வரும். மாற்றும்போது இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.

காலை எடுத்த பிறகும் பிரேக் விடவில்லை

கார் பாரமாக ஓடுகிறது, சில்லு சுடுகிறது, கருகல் மணம். இதில்தான் ஆட்கள் தேவையில்லாத சாமான்களை வாங்கிக் காசைக் கரைக்கிறார்கள். ஒழுங்காகப் பிரித்துப் பார்த்தால் அரைமணி நேர வேலை.

எத்தனை சில்லு இறுகுகிறது என்று முதலில் பாருங்கள். நான்கும் என்றால் மாஸ்டரில்தான் பிரச்சினை. பெடலைக் கையால் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள், சுமார் 3 மில்லிமீற்றர் வெறும் ஆட்டம் இருக்க வேண்டும். இல்லையென்றால் பெடலிலிருந்து மாஸ்டருக்குள் போகும் தள்ளுகம்பி அதன் பிஸ்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒயில் திரும்பிப் போகும் சின்னத் துளையை மூடி வைத்திருக்கிறது. ஓட ஓட ஒயில் சூடேறி விரியும், போக இடமில்லாமல் பிரேக்கைத் தானே பிடிக்கும். வீட்டிலிருந்து புறப்படும்போது நல்ல கார், ஏறாவூர் தாண்டும்போது இழுக்கத் தொடங்கினால் இதை நினையுங்கள். பெடலில் ஆட்டம் இருந்தும் விடவில்லை என்றால் அந்தத் துளை கசடால் அடைபட்டிருக்கும்.

ஒரு சில்லு மட்டும் என்றால், இறுகிய நிலையிலேயே அதன் நிப்பிளைக் கொஞ்சம் திறவுங்கள். சில்லு விட்டுவிட்டால் ஒயில் அழுத்தம் உள்ளே சிக்கியிருந்தது. விடவில்லை என்றால் பிஸ்டனோ லைனரோ தானே இறுகிவிட்டது, துருவைத் தேடுங்கள்.

அழுத்தம் சிக்கியிருந்தால் இரும்புக் குழாயைச் சில்லோடு இணைக்கும் றப்பர் ஹோஸைத்தான் சந்தேகிக்க வேண்டும். வெளியில் புதிது போல இருக்கும். உள்ளே றப்பர் ஊதி, குழல் ஊசித்துளை அளவுக்குச் சுருங்கியிருக்கும். உங்கள் கால் பலத்தில் ஒயில் உள்ளே போகும், திரும்பி வர அதற்குப் பலம் இல்லை. சோதிக்க, மறுபடி பிரேக்கை மிதித்து இறுகவிட்டு, இந்தத் தடவை ஹோஸுக்கு முன்னால் உள்ள இரும்புக் குழாய் மூட்டைத் தளர்த்துங்கள். அங்கே திறந்தும் சில்லு விடவில்லை, நிப்பிளில் திறந்தால் விடுகிறது என்றால், ஹோஸ் போய்விட்டது. என் காரில் முன் வலது இப்படித்தான் இருந்தது. கழற்றிய ஹோஸை வெட்டிப் பார்த்தேன். உள்ளே கறுப்பு றப்பர் வெந்த புட்டு மாதிரி உதிர்ந்து வந்தது. காரணம், முன்பு யாரோ அவசரத்துக்கு பிரேக் ஒயிலுக்குப் பதிலாக இஞ்சின் ஒயில் கொஞ்சம் ஊற்றியிருக்கிறார்கள். கனிய எண்ணெய் ஒரு கரண்டி போனாலும் இந்தப் பழைய றப்பர்கள் ஊதிவிடும். அப்படி நடந்திருந்தால் ஒரு ஹோஸோடு முடியாது, எல்லாச் சீலும் மாற்ற வேண்டும்.

பின்பக்கத்துக்கு ஒரு குறிப்பு. பின் இரண்டு சில்லுக்கும் ஒரே ஒரு ஹோஸ்தான் அக்ஸிலுக்கு இறங்குகிறது. பின் இரண்டும் ஒன்றாக இறுகினாலோ ஒன்றாக வேலை செய்யாமல் விட்டாலோ, இரண்டு ட்ரம்மையும் பிரிக்க முன்னர் அதைப் பாருங்கள்.

பெடல் கல்லுப் போல, ஆனால் கார் நிற்கவில்லை

பூஸ்டர் இல்லாத காரில் பெடல் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும். ஜப்பான் கார் ஓட்டிப் பழகிய கால் முதல் நாள் பயந்துபோகும், அது கோளாறு அல்ல. இறுக்கமாக இருந்தும் நிற்கவில்லை என்றால், பேட் கண்ணாடி மாதிரி மினுங்குகிறதா என்று பாருங்கள். மெதுவாகவே ஓட்டி மெதுவாகவே நிறுத்தும் கார்களில் இது வரும்.

பிற்காலத்தில் யாரோ பூஸ்டர் பூட்டியிருந்தால் இந்தச் சோதனை: இஞ்சினை நிறுத்தி நாலைந்து தடவை மிதித்துவிட்டு, காலை அழுத்திப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே இறங்க வேண்டும். வெளியே எங்கும் ஈரம் இல்லாமல் ஒயில் குறைந்து, புகைக்குழாயில் வெள்ளைப் புகையும் வந்தால், பூஸ்டர் ஒயிலை இஞ்சினுக்குள் உறிஞ்சிக் கொடுக்கிறது.

மலை இறக்கத்தில் பெடல் காணாமல் போகிறது

லுணுகலைப் பக்கம் இறங்கும்போது எனக்கு நடந்தது இது. வளைவுக்கு வளைவு மிதித்து வந்தேன், எத்தனையாவது வளைவோ தெரியாது, பெடல் பஞ்சானது. ஊருக்குள் வருடம் முழுக்க ஒரு குறையும் சொல்லாத பிரேக்.

சாதாரண பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். டொட் 4 ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகுள்ள தர அளவு 155 பாகைதான். அதைத் தாண்டிச் சூடானால் லைனுக்குள் ஆவி வரும், ஆவி பஞ்சு. ஆறியதும் பெடல் திரும்பி வந்துவிடும், அதனால் வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு கோளாறும் தெரியாது. பெடல் உறுதியாக இருந்து கார் மட்டும் நிற்கவில்லை என்றால் அது வேறு: பேட்டும் லைனரும் சூட்டில் பிடியை விட்டிருக்கின்றன. இரண்டுக்கும் மருந்து, மலை ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்குவது. ஒயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள். எங்கள் ஊர் ஈரத்துக்கு அதைத் தள்ளிப்போட முடியாது. திறந்து மாதக்கணக்கான தகரத்தில் மிச்சம் இருப்பதை ஊற்றாதீர்கள், அதுவும் குடித்துத்தான் இருக்கும்.

சத்தமும் நடுக்கமும்

கீச்சிடுவது பெரும்பாலும் தொந்தரவு, ஆபத்தல்ல. பேட்டின் முதுகில் வரும் மெல்லிய தகடு விடுபட்டிருக்கும். இரும்பு உரசும் சத்தம் வேறு, அப்போதே நிறுத்துங்கள். வேகத்தில் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கினால் டிஸ்க்கில் கோணல், அல்லது முன் பேரிங் தளர்வு. டிஸ்க்கைக் கடையக் கொடுக்க முன்னர் சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

கம்பிச் சில்லு உள்ளவர்களுக்கு மட்டும்: பிரேக் பிடிக்கும்போது ஒரு "டக்", பின்னுக்கு எடுத்துப் பிடிக்கும்போது இன்னொரு "டக்" என்றால், சில்லு ஏறி நிற்கும் பற்கள் தேய்ந்திருக்கின்றன. பிரேக்கைப் பிரித்து நேரம் போக்காதீர்கள். சில்லைக் கழற்றிப் பற்களைத் தடவிப் பாருங்கள், கத்தி முனை போல் கூராகியிருந்தால் காரை ஓட்டக்கூடாது.

ஹான்ட் பிரேக் பிடிக்கவில்லை

கேபிளை இறுக்காதீர்கள். முதலில் ட்ரம்மை மேலே சொன்னபடி சரிசெய்யுங்கள், பிறகும் தளர்வாக இருந்தால் மட்டும் கேபிள். பின் அக்ஸிலில் கேபிளின் இழுவையை இரண்டு சில்லுக்கும் பிரித்துக் கொடுக்கும் சின்ன நெம்புகோல் கிறீஸ் காணாமல் இறுகியிருக்கும், அதையும் பாருங்கள். மாரிக்குக் காரை மூடி வைக்கும்போது ஹான்ட் பிரேக் போட்டு வைத்தால் லைனர் ட்ரம்மோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சில்லுக்குக் கட்டை வையுங்கள்.

பிரேக் பிடிக்கிறது, பின் லைட் எரியவில்லை

இந்த வயதுக் காரில் அந்த சுவிட்ச் பெடலில் இல்லை, பிரேக் லைனிலேயே இருக்கிறது. அதன் இரண்டு வயரையும் தொடுத்துப் பாருங்கள். லைட் எரிந்தால் சுவிட்ச் போய்விட்டது.

சாமான் வாங்கும்போது

இங்கே கடைகளில் கிடைப்பது ஜப்பான் வாகனச் சாமான். அதன் குழாய் மூட்டுகள் பெரும்பாலும் 10 மில்லிமீற்றர் மரை. இந்தக் காரில் வருவது 3/8 அங்குல மரை, அதாவது சுமார் 9.5 மில்லிமீற்றர். கையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும், மரையின் இடைவெளியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு கராஜில் என் காருக்கு 10 மில்லிமீற்றரை ஸ்பானரால் பலவந்தமாக ஏற்றிவிட்டார்கள். நாலு சுற்று இறுகி நின்றது, பார்க்க நல்ல வேலை. பலமாக மிதித்தபோது மூட்டில் ஒயில் கசிந்தது. பித்தளைச் சந்தியையே மாற்ற வேண்டி வந்தது. புதிய மூட்டு முதல் மூன்று நான்கு சுற்றுக் கைவிரலாலேயே ஏற வேண்டும். ஏறாவிட்டால் அது உங்கள் சாமான் இல்லை.

எல்லாம் பூட்டி முடிந்த பிறகு, பெடலை இரண்டு கையாலும் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ஒவ்வொரு மூட்டையும் காய்ந்த கடதாசியால் ஒற்றிப் பாருங்கள். பெயின்டில் பிரேக் ஒயில் பட்டிருந்தால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள், துடைத்தால் பெயின்டும் சேர்ந்து வரும். இரவுக்கு நான்கு சில்லுக்கும் கீழே பழைய பேப்பரை விரித்து விடுங்கள். காலையில் நான்கும் காய்ந்திருந்தால், ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துக் கடற்கரை வீதியில் நடைவேகத்தில் ஒரு தடவை, பிறகு முப்பதில் ஒரு தடவை.